எட்டு விளக்கும் எரிந்தது, வேகம் மட்டும் 94

வீட்டுக்குள் இன்டர்நெட் வயர் இழுத்த பிறகு, வயர் டெஸ்டரில் ஒன்று முதல் எட்டு வரை பச்சை விளக்கு வரிசையாக எரிந்தால் வேலை முடிந்தது என்று நம்பிவிடாதீர்கள். நான் நம்பினேன். அதனால் போனது மூன்று சனிக்கிழமை, ஒரு நாள் லீவு, தேவையே இல்லாமல் வாங்கிய ஒரு ரௌட்டருக்கு 279 வெள்ளி (மலேசிய ரிங்கிட்).

எங்கள் வீடு கோலாலம்பூர் செந்தூலில் பழைய இரண்டு மாடி டெரஸ் வீடு. ரௌட்டர் கீழே ஹாலில், என் வேலை மேல் அறையில். வைஃபை மாடிப்படி ஏறுவதற்குள் மூச்சு வாங்கிவிடும். வயர் இழுக்க ஒரு கொண்ட்ராக்டரைக் கேட்டேன். ஒரு பாயிண்டுக்கு 300 வெள்ளி என்றார். பதினைந்து மீட்டர் வயருக்கா என்று எனக்கு ரோஷம் வந்துவிட்டது. பழைய டெலிபோன் லைன் போன குழாய் சுவருக்குள் சும்மாதான் கிடந்தது. வயர் இழுத்தது, கேசிங் ஒட்டியது, இரண்டு முனையிலும் பிளக் அடித்தது எல்லாம் ஒரே நாளில் முடிந்தது.

டெஸ்டரை மாட்டினேன். எட்டு விளக்கும் ஒவ்வொன்றாக ஓடியது. அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். "கோயில் சீரியல் லைட் மாதிரி இருக்குடா" என்றார்.

லேப்டாப்பை மாட்டி வேகம் பார்த்தால் 94. நாங்கள் கட்டுவது 500 எம்பிபிஎஸ்-க்கு. திரும்பப் பார்த்தேன், 93. ராத்திரி பன்னிரண்டு மணிக்குப் பார்த்தேன், 94. இந்த எண்ணை எங்கே பார்த்தாலும் உஷாராகிவிடுங்கள். இணைப்பு 100 எம்பிபிஎஸ்-இல் பிடித்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். 100இல் மற்ற செலவெல்லாம் போக நமக்குக் கிடைப்பது 94, 95தான். லேப்டாப்பின் நெட்வொர்க் செட்டிங்கில் இணைப்பு வேகம் 100 என்றே எழுதியிருந்தது. நான்தான் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை.

ஆபீஸில் ஒருவர், "உன் ரௌட்டர் பழசுப்பா, அதுல போர்ட்டே 100தான் இருக்கும்" என்றார். அவர் சொன்ன வேகத்தில் நானும் போய்ப் புதிது வாங்கி வந்தேன். மாட்டினேன். 94.

சரி, லைனில்தான் கோளாறு என்று இணைய நிறுவனத்துக்கு அடித்தேன். காலை பத்திலிருந்து ஒரு மணிக்குள் ஆள் வரும் என்றார்கள். லீவு போட்டுக் காத்திருந்தேன். வந்தது நாலு மணிக்கு. வந்த அபாங் (மலாய்க்கார அண்ணன்) பையிலிருந்து முழ நீளத்தில் ஒரு வயரை எடுத்து, ரௌட்டரில் ஒரு முனை, தன் லேப்டாப்பில் ஒரு முனை மாட்டினார். 510. அடுத்து என் பழைய ரௌட்டரிலும் மாட்டிக் காட்டினார். அதிலும் 510. மேலே போகும் என் வயரைப் பார்த்துச் சிரித்துவிட்டு, வீட்டுக்குள் இழுத்த வயர் எங்கள் பொறுப்பில்லை என்று கையெழுத்து வாங்கிக்கொண்டு கிளம்பிவிட்டார். மொத்தம் ஆறு நிமிடம். கோபம் வந்தது, ஆனால் அவர் சொன்னதில் தப்பில்லை. அவர் செய்ததை நானே முதல் நாள் செய்திருக்கலாம். ரௌட்டர் பெட்டியிலேயே குட்டையாக ஒரு வயர் வருமே, அது போதும். காசும் இல்லை, லீவும் இல்லை.

அதற்குப் பிறகு இரண்டு தடவை பிளக்கை வெட்டி வெட்டி அடித்தேன், பழைய வரிசையிலேயே. நடுவில் ஒரு நாள் பெரிய ஃபைல் ஒன்றை அனுப்பிச் சோதித்துக்கொண்டிருந்தபோது தொடர்பு பொட்டென்று போய்விட்டது. ஆகா, கோளாறு பிடிபட்டது என்று ஓடினால், மோடம் பிளக் அம்மா கையில் இருக்கிறது. "இடி இடிக்குதுல்ல?" கோலாலம்பூரில் சாயங்கால மழைக்கு முன்னால் இது எல்லா வீட்டிலும் நடப்பதுதான். இதையெல்லாம் கோளாறுக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

பிளக் தீர்ந்துபோனதால் எல்ஆர்டி ரயில் பிடித்து புடுவில் இறங்கி ஜாலான் பாசார் கடைத்தெருவுக்குப் போனேன். இதே அளவில் வேண்டும் என்று காட்ட, துண்டு வயரோடு வெட்டிய பிளக் ஒன்றைப் பையில் போட்டுக்கொண்டிருந்தேன். தவுக்கே, அதாவது கடை முதலாளி, வயதானவர். பிளக்கை விளக்குக்குக் கீழே பிடித்து, மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் பார்த்தார்.

"இனி சாலா லா, பாஸ். சியாப்பா புவாட்?"

இது தப்பு, யார் செய்தது என்று கேட்கிறார். நான்தான் என்று எப்படிச் சொல்வது? தம்பி என்றேன். எனக்குத் தம்பியே கிடையாது.

விஷயம் இதுதான். வயருக்குள் எட்டுக் கம்பி, இரண்டிரண்டாக முறுக்கி நான்கு ஜோடி. இரண்டு முனையும் ஒரே மாதிரி இருந்தால் போதும், நிற வரிசை எதுவானாலும் பரவாயில்லை என்று பலர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். அதனால் எனக்கு வசதியாக ஆரஞ்சு ஜோடி, பச்சை ஜோடி, நீல ஜோடி, பழுப்பு ஜோடி என்று பக்கத்தில் பக்கத்தில் அடித்திருந்தேன். ஆனால் உள்ளே சிக்னல் போவது 1-2, 3-6, 4-5, 7-8 என்ற ஜோடிகளில். நடு இரண்டும் பழைய டெலிபோன் லைனின் இடம். அதற்கு வழிவிட்டு அடுத்த ஜோடி இரண்டு பக்கமும் பிரிந்து நிற்கிறது. ஒரு சிக்னலின் இரண்டு கம்பியும் ஒன்றோடொன்று முறுக்கியிருந்தால்தான் பக்கத்துச் சத்தம் ஏறாது. என் வயரில் மூன்றாவது கம்பி ஒரு முறுக்கில், ஆறாவது இன்னொரு முறுக்கில். 100க்கு 1, 2, 3, 6 மட்டும் போதும், பக்கத்து ஜோடி சும்மா இருப்பதால் அது எப்படியோ ஓடிவிட்டது. கிகாபிட்டுக்கு, அதாவது 1000 எம்பிபிஎஸ்-க்கு, நான்கு ஜோடியும் ஒரே நேரத்தில் பேச வேண்டும். அங்கே ஒரே கூச்சல். டெஸ்டர் என்ன செய்யும்? இந்த முனை ஒன்று அந்த முனை ஒன்றோடு சேருகிறதா என்று மட்டும்தான் அந்த இருபது வெள்ளிச் சாமானுக்குத் தெரியும். எது எதோடு முறுக்கியிருக்கிறது என்று அதற்குத் தெரியாது.

சரியான வரிசையைத் தவுக்கே ஒரு சிகரெட் அட்டையில் எழுதிக் கொடுத்தார்: வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பழுப்பு, பழுப்பு. முறுக்கை அரை அங்குலத்துக்கு மேல் பிரிக்காதே என்றும் சொன்னார்.

வீட்டுக்கு வந்து இரண்டு முனையும் அடித்தேன். 94. அழுகையே வந்துவிட்டது. ஆனால் இந்த முறை டெஸ்டரில் ஏழாவது விளக்கு எரியவில்லை. வெள்ளை-பழுப்பு. 4, 5, 7, 8 என்ற கம்பிகளில் ஒன்று செத்தாலும் பல கருவிகள் சத்தமில்லாமல் 100க்கு இறங்கிக்கொள்ளும். அதே 94, காரணம் மட்டும் வேறு.

பிளக்கை வெட்டிப் பார்த்தால் கம்பி உள்ளேயே முறிந்திருந்தது. தவுக்கே கடையில் அந்தத் துண்டு வயரை உள்ளங்கையில் போட்டு எடை பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கியது அப்போதுதான் ஞாபகம் வந்தது. கத்தியால் ஒரு கம்பியைச் சுரண்டினேன். மேலே செம்பு நிறம், கீழே வெள்ளை. அலுமினியத்துக்குச் செம்பு முலாம். ஆன்லைனில் மலிவாக வாங்கியது, மேலே கேட்6 என்று வயரின் தரம் பெரிதாக அச்சடித்திருக்கிறது. கேட்6 என்றால் முழுச் செம்பாக இருக்க வேண்டும். இது நாலு தடவை வளைத்தால் முறியும். வயர் வழியாகவே கரண்டு எடுக்கும் கேமரா மாட்டுகிறவர்கள் இதைத் தொடவே தொடாதீர்கள், சூடாகும்.

மறுபடியும் ஜாலான் பாசார், இருபது மீட்டர் முழுச் செம்பு. பழைய வயரோடு புதியதையும் கூடவே ஒரு நைலான் கயிற்றையும் சேர்த்து டேப் சுற்றி, அம்மாவின் பவுடரைத் தடவி இழுத்தேன். படி வளைவில் ஒரு முறை சிக்கியது. பின்னால் தள்ளி, மெதுவாக இழுத்ததும் வந்துவிட்டது.

508. அம்மாவிடம் டெஸ்டரை நீட்டினேன். "அன்னிக்கும் எல்லா லைட்டும்தான் எரிஞ்சது" என்றார்.

புது ரௌட்டரைத் திரும்ப எடுத்துக்கொள்ளக் கடையில் மறுத்துவிட்டார்கள். பெட்டியோடு அப்படியே இருக்கிறது. செந்தூல் பக்கம் யாருக்காவது வேண்டுமென்றால் சொல்லுங்கள், 200க்குத் தருகிறேன்.