ஃபிஷிங் பாண்ட் கரையில் ஆமை எண்ணப் பழகினேன்

கணவருக்குக் கரீபியத் தீவான டிரினிடாடில் வேலை கிடைத்து 2022 கடைசியில் அங்கே போய்ச் சேர்ந்தோம். எனக்கு வேலை செய்ய அனுமதி இல்லை. கல்லூரி நாட்களில் சென்னையில் மாணவர்கள் நடத்தும் ஆமை நடைக்கு, அதாவது இரவில் கரையோரம் நடந்து ஆமை முட்டைகளைத் தேடிக் காப்பாற்றப் போயிருக்கிறேன். 1988-இலிருந்து மாணவர்களே தோள் கொடுத்து நடத்துகிற வேலை அது. டிரினிடாடின் கிழக்குக் கரையும் வடக்குக் கரையும் தோணியாமைகள் (லெதர்பேக்) உலகிலேயே மிக அதிகமாக முட்டையிடும் இடங்களில் அடக்கம். அங்கேயும் யாராவது இரவில் நடப்பார்கள், போய்ச் சேர்ந்துகொள்ளலாம் என்று நினைத்தேன். சேரவே இரண்டு மாதம் ஆனது. அந்த வழியை இங்கே எழுதுகிறேன், இனி போகிறவர்களுக்கு உதவும்.

முதலில் சட்டம். கிழக்கே மட்டூரா, ஃபிஷிங் பாண்ட் கரைகளை 1990-இலும், வடக்கே கிராண்ட் ரிவியேர் கரையை 1997-இலும் தடை செய்யப்பட்ட பகுதிகளாக அறிவித்தார்கள். மார்ச் 1 முதல் ஆகஸ்ட் 31 வரை வனத்துறையின் அனுமதிச் சீட்டு இல்லாமல் கரையில் கால் வைக்க முடியாது. ஒரு நாள் ஆமை பார்த்துவிட்டு வருவதென்றால் சுலபம், வழிகாட்டியே சீட்டுக்கு ஏற்பாடு செய்துவிடுவார். ரோந்து போக வேண்டுமானால் ஊர்க் குழு ஒன்றில் உறுப்பினராக வேண்டும்.

அங்கே இந்த வேலையை ஊர்க்காரர்கள்தான் செய்கிறார்கள். 1990-க்கு முன் இந்தக் கரைகளில் முட்டையிட வரும் ஆமைகளை இறைச்சிக்காக வெட்டிப் போட்டுவிட்டுப் போவார்களாம். அந்த வருடம் மட்டூரா ஊர் மக்கள் நேச்சர் சீக்கர்ஸ் என்ற அமைப்பைத் தொடங்கி, அரசோடு சேர்ந்து காவலையும் கணக்கெடுப்பையும் கையில் எடுத்துக்கொண்டார்கள். நாடு முழுக்கக் கடலாமை வேட்டைக்குத் தடை வந்தது 2011-இல்தான். அதற்கு இருபது வருடம் முன்பே ஊர் முடிவெடுத்துவிட்டது என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மரியாதை கூடும்.

நான் சேர்ந்தது ஃபிஷிங் பாண்ட் பக்கம் இருக்கும் சிறிய இளைஞர் குழு. பெரும்பாலும் 16-லிருந்து 24 வயதுப் பிள்ளைகள். எல்லோருக்கும் நான் 'ஆன்ட்டி'. ஒருங்கிணைப்பாளருக்கு 22 வயது. ஏன் வருகிறீர்கள் என்று அந்தப் பெண் கேட்கவே இல்லை. "வாரத்துக்கு எத்தனை இரவு வருவீர்கள்? ஆகஸ்ட் வரை வருவீர்களா?" என்றுதான் கேட்டாள். ஏப்ரலில் ஆசையோடு வந்து மே மாதம் காணாமல் போகிறவர்களால் பதிவேட்டில் ஓட்டை விழுகிறதாம். வாரத்துக்கு இரண்டு இரவு, ஆகஸ்ட் வரை என்று சொன்னேன். குழுவில் 18 வயதுக்குக் கீழே பிள்ளைகள் இருப்பதால் காவல்துறையின் நன்னடத்தைச் சான்றிதழும் கேட்டார்கள். அதிகமாக நாள் எடுத்தது அதுதான்.

அப்புறம் மூன்று சனிக்கிழமைப் பயிற்சி. வீட்டிலிருந்து மேக்ஸி டாக்ஸி என்கிற ஷேர் வேனில் அரிமா, அங்கிருந்து இன்னொன்றில் சாங்கிரே கிராண்டே. பலகையில்தான் அந்தப் பெயர், ஊர்க்காரர் வாயில் அது சாண்டி கிராண்டி. அங்கிருந்து கிராமத்துக்கு இன்னொரு வண்டி. வழியில் இரண்டு டபுள்ஸ் (பொரித்த ரொட்டிக்கு நடுவே கொண்டைக்கடலை) வாங்கிச் சாப்பிட்டால் மதியம் வரை தாங்கும்.

பயிற்சியில் பாதி நேரம் எப்போது கிட்டே போகக் கூடாது என்பதுதான். ஆமை கடலிலிருந்து ஏறும்போதும், உடம்பால் மணலை ஒதுக்கிப் படுக்கும்போதும், பின் துடுப்புகளால் குழி தோண்டும்போதும் தள்ளியே நிற்க வேண்டும். அப்போது வெளிச்சமோ அசைவோ கண்ணில் பட்டால் முட்டையிடாமலே திரும்பிவிடும். முட்டை விழ ஆரம்பித்த பிறகு மட்டும் அது மயங்கினாற்போல இருக்கும். அளப்பது, அடையாள எண் உள்ள சிப் முன்பே பொருத்தியிருக்கிறதா என்று தோளில் ஸ்கேனர் வைத்துப் பார்ப்பது, பின் துடுப்பில் உலோக வளையம் இருந்தால் எண் குறிப்பது எல்லாமே அந்தக் கொஞ்ச நேரத்துக்குள் முடிந்தாக வேண்டும். டார்ச்சில் சிவப்புக் கண்ணாடித்தாள் கட்டாயம். செல்போன் பைக்குள்.

சென்னையில் பழகியதை இங்கே மறக்க வேண்டியிருந்தது. அங்கே நாயிடமிருந்தும் விளக்குகளிடமிருந்தும் காப்பாற்ற முட்டைகளை எடுத்துப் பொரிப்பகத்தில் புதைப்போம். இங்கே பெரும்பாலும் கூட்டை இருந்த இடத்திலேயே விட்டுவிடுகிறார்கள். முதல் நாள் அலைக்குக் கிட்டே ஒரு கூட்டைப் பார்த்ததும் கை தானாக மணலுக்குப் போனது. பக்கத்தில் இருந்த பையன், "ஆன்ட்டி, முதலில் எழுதுவோம்" என்று பரீட்சை அட்டையை நீட்டினான்.

நான்கு இரவு சும்மா கூடவே நடந்த பிறகு, மே கடைசியில் என் கையில் படிவத்தைக் கொடுத்தார்கள். இரவு பதினொன்றரை இருக்கும். முன்னால் போன பெண் கையை உயர்த்தி நின்றாள். ஆமையைக் கண் பிடிப்பதற்கு முன் காதில் விழுந்தது அதன் மூச்சு. நீண்ட பெருமூச்சு, ஒரு பெரிய மனிதர் களைத்து உட்கார்ந்தாற்போல. பங்குனி ஆமையை மட்டுமே பார்த்திருந்த எனக்கு அந்த உருவம் மனதில் அடங்கவில்லை. ஓடு என்று சொல்ல முடியாது. கறுப்புத் தோல், அதில் நீளவாக்கில் ஏழு வரிகள். டேப்பில் 152 சென்டிமீட்டர். தலை உச்சியில் இளஞ்சிவப்பாக ஒரு திட்டு, ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு வடிவில் இருக்குமாம். வடக்கே கனடா பக்கத்துக் கடல் வரை போய் ஜெல்லி மீன் தின்றுவிட்டு முட்டையிட இங்கே திரும்பி வருகிற உடம்பு அது.

நான் பின்னால் குப்புறப் படுத்து எண்ணினேன். பெரிய முட்டை 79. கடைசியில் மஞ்சள் கருவில்லாத சின்ன முட்டைகள் 24. படிவத்தில் இரண்டுக்கும் தனித்தனிக் கட்டம். ஸ்கேனர் ஒலித்ததும் ஒருங்கிணைப்பாளர் எண்ணைச் சத்தமாகப் படித்தாள், நான் எழுதினேன், பையன் திருப்பிப் படித்தான். எல்லா எண்ணையும் இப்படி மூன்று வாய் கடந்துதான் தாளில் வைக்க வேண்டும் என்பது அவர்கள் விதி.

இவ்வளவு கறாராக இருப்பதன் காரணம் பகலில்தான் புரிந்தது. குழுவில் மூத்த பிள்ளைகள் இருவர் கரீபிய இளைஞர் சுற்றுச்சூழல் வலைப்பின்னலிலும் இருக்கிறார்கள். 1993-இல் தொடங்கி, பார்படோஸிலிருந்து பல தீவுகளில் இயங்கும் அமைப்பு அது. பூமியின் வெப்ப உயர்வு 1.5 டிகிரிக்குள் நின்றால்தான் உயிர் பிழைப்போம் என்ற முழக்கத்தோடு வளர்ந்த தலைமுறை இது. அவர்களுக்கு அது அவர்கள் கரையின் கணக்கு. முட்டைக் கூட்டைச் சுற்றிய மணலின் சூடு 29 டிகிரிக்குச் சற்று மேலே தாண்டினால் குஞ்சுகளில் பெண்ணே அதிகமாகும், இன்னும் ஏறினால் முட்டையே கெட்டுவிடும். அதனால் சில கூடுகளுக்குப் பக்கத்தில் அதே ஆழத்தில் வெப்பமானி புதைத்து வைத்திருந்தார்கள். காலையும் மாலையும் யாராவது ஒருவர் போய்க் குறித்து வருவார். பள்ளிச் சீருடையோடு குறித்துவிட்டுப் பேருந்துக்கு ஓடுகிற பெண்ணைப் பார்த்திருக்கிறேன். மற்ற ஊர் இளைஞர்களோடு கூடும் கூட்டங்களுக்கு அவர்கள் கொண்டுபோவது இந்த நோட்டைத்தான்.

ஜூனில் சர்காசம் பாசி வந்தது. 2011-இலிருந்து அட்லாண்டிக்கிலிருந்து மிதந்து வந்து கரீபியக் கரைகளில் குவிகிற பழுப்புப் பாசி. அழுகினால் கெட்டுப்போன முட்டை நாற்றம், தலைவலி வந்துவிடும். தாய் ஆமை ஏற வழியில்லாமல் திரும்புகிறது, குஞ்சுகள் சிக்கிக்கொள்கின்றன. இயந்திரம் விட்டு வாரினால் மணலுக்குள் இருக்கும் கூடுகள் நசுங்கும். ஆகவே கையும் வாருகோலும்தான். விடியற்காலை ஐந்தரையிலிருந்து எட்டு வரை, பதினான்கு பேர், ஒன்பது நாள். முழுக் கரையையும் சுத்தம் செய்யவில்லை, செய்யவும் முடியாது. ஆமை ஏற அகலமான பாதைகள் மட்டும் விட்டுவிட்டு வந்தோம். அந்த ஒன்பது நாளில்தான் இந்தப் பிள்ளைகளை எனக்கு முழுசாகத் தெரிந்தது. ஒருவனுடைய தாத்தா ஆமை வெட்டியவர். அதை அவன் மறைக்காமல் சொன்னான்.

ஜூலை கடைசியில் என் முதல் கூட்டைத் தோண்டினோம். குஞ்சுகள் வெளியேறி இரண்டு நாள் கழித்துத்தான் தோண்ட வேண்டும். காலி ஓடு 46. வளராத முட்டை 21. பாதியில் இறந்தவை 12. கூட்டினால் 79. அன்றைக்கு நான் எண்ணியது சரி என்று பையன் என் முதுகில் தட்டினான். அடியில் இரண்டு குஞ்சுகள் உயிரோடு மாட்டியிருந்தன. பகல் முழுக்க ஈர மணல் போட்ட வாளியில் நிழலில் வைத்திருந்து, பிணந்தின்னிக் கழுகுகள் அடைந்த பிறகு கரையில் விட்டோம். தூக்கிக் கடலில் போடக் கூடாது, அவையேதான் நடந்து போக வேண்டும். ஒன்று நேராகப் போனது. இன்னொன்று என் காலடித் தடத்தில் விழுந்து எழ நேரமானது. அலை தொட்ட நேரம் 6.22, 6.31 என்று எழுதினேன்.

யாராவது அங்கே போய்ச் சேர நினைத்தால், காவல்துறைச் சான்றிதழுக்கு டிசம்பரிலேயே விண்ணப்பித்துவிடுங்கள். எங்கள் குழுவில் பயிற்சி பிப்ரவரியில் முடிந்துவிடும். அடர் நிறத்தில் முழுக்கைச் சட்டை, மூடிய செருப்பு, மழைக்கு ஒரு உறை போதும். கொசு மருந்தை முட்டை எண்ணுகிற கையில் மட்டும் தடவாதீர்கள். அந்தக் கரையில் கடல் மூர்க்கமானது, குளிக்க இறங்க வேண்டாம். எத்தனை இரவு வருவீர்கள் என்று கேட்டால் குறைத்தே சொல்லுங்கள், சொன்ன இரவு போய்விடுங்கள்.