வெளுத்த ஸ்லைடு

பி53 புரதம் இருக்கும் இடத்தைப் பழுப்பாகக் காட்டும் சாயம் போட்ட ஸ்லைடில், பழுப்பு எங்குமே இல்லை. சினைப்பையில் வரும் ஹை கிரேடு சீரஸ் என்ற வீரியமான புற்றில் இது புதிதல்ல. டிபி53 மரபணு கெட்ட விதத்தைப் பொறுத்து, பி53 புரதம் அணுக்கருக்களில் அப்பிக் கிடக்கும், அல்லது துடைத்தாற்போல் இருக்காது. புரதம் இல்லை என்று எழுத வேண்டுமானால், புற்றைச் சுற்றியுள்ள ஸ்ட்ரோமா என்ற சாதாரணத் தாங்குதிசுச் செல்களாவது லேசாக நிறமேறியிருக்க வேண்டும்; அப்போதுதான் சாயம் வேலை செய்தது என்று நம்பலாம். அன்று அவையும் வெறும் நீலமாக நின்றன.

“வேறு பிளாக்கில் திரும்பப் போடுகிறேன் சார்,” என்றேன், ரிப்போர்ட்டில் கையெழுத்திடும் மருத்துவரிடம். பிளாக் என்பது மெழுகில் பதித்த கட்டித் துண்டு.

“டபிள்யூடி1, பாக்ஸ்8 இரண்டும் பளிச்சென்று வந்திருக்கின்றன. 2011-இல் வந்த பெரிய ஆய்விலேயே இந்தப் புற்றில் 96 சதவீதத்தில் டிபி53 கெட்டிருந்தது. திரும்பப் போட்டு என்னம்மா மாறப்போகிறது?”

அந்த இரண்டு மார்க்கரும், அதாவது சாயம் போட்டுத் தேடும் அடையாளப் புரதங்களும், லோ கிரேடு சீரஸ் என்ற மெதுவாக வளரும் புற்றிலும் வரும். அது கீமோவுக்கு அவ்வளவாக மசியாது. இதைச் சொன்னேன். அணுக்கருக்கள் இத்தனை கோரமாக அதில் இருக்காது என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஆனால் கட்டி வெளியூரிலிருந்து, பிளக்காமல் முழுசாக டப்பாவில் வந்தது. திசுவைக் கெடாமல் காக்கும் ஃபார்மலின் திரவம் மணிக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர்தான் ஊறும். வேலூர் மே மாத வெயிலில் நடுப்பகுதி என்ன ஆகியிருக்கும்?

“சரி, போடுங்கள்” என்றார்.

ரிப்போர்ட் கொடுக்கும் ஜன்னலில், போளூரிலிருந்து வந்திருந்த நோயாளியின் கணவர். பஸ் டிக்கெட்டை மடித்துக் கைக்கடிகாரப் பட்டைக்குள் செருகியிருந்தார். ரிப்போர்ட் இன்று இல்லை என்றதும், “நாளைக்கு வந்தால் நிச்சயம் கிடைக்குமா மேடம்?” என்றார். அன்றாடக் கூலி போலிருக்கிறது, நான் கேட்கவில்லை. நாளைக்கும் நிச்சயமில்லை என்று சொல்ல வேண்டியிருந்தது.

ஓரத்திலிருந்து எடுத்த பிளாக்கில் ஸ்ட்ரோமா இளம்பழுப்பாக வந்தது. புற்றுச் செல்கள் வெளுத்தே இருந்தன. சார் முதலிலேயே சொன்ன அதே முடிவு. ஒன்றும் பேசாமல் கையெழுத்திட்டார். ஒரு வார்த்தை கடிந்திருந்தாலாவது பதில் சொல்லியிருப்பேன்.

என் ஸ்லைடு சுத்தமாக இருக்க வேண்டும் என்பதற்காகவா அந்தக் கணவரை அலையவிட்டேன்? அப்படியில்லை என்றுதான் நினைக்கிறேன். பயிற்சிக்கு வரும் பிள்ளைகளிடம், ஸ்ட்ரோமாவைப் பார்க்காமல் ஸ்லைடை அனுப்பாதீர்கள் என்று அழுத்தமாகவே சொல்கிறேன். சொல்லும்போது போளூர்க்காரரைப் பற்றி மட்டும் சொல்வதில்லை.

கீமோ தள்ளிப்போனதா என்பது அந்த அம்மாவின் ஆஸ்பத்திரி எண்ணைத் தட்டினால் தெரிந்துவிடும். இதுவரை தட்டவில்லை. தள்ளிப்போகவில்லை என்று தெரிந்தால்மட்டும் நான் செய்தது சரியாகிவிடுமா என்ன?