கருவைக் கரியில் ஒரு லிமா கோழி

எங்கள் ஊர்க் கோழிக்கடையில் போய் "தோலை உரிக்காதீங்க தம்பி" என்று சொல்லிப் பாருங்கள். கத்தியை நிறுத்திவிட்டு ஏற இறங்க ஒரு பார்வை பார்ப்பார்கள். தோலோடு கேட்டால் வெந்நீர் போட வேண்டும், முக்கி எடுத்து முடி பறிக்க வேண்டும், பின்னால் நாலு பேர் நின்று கத்துவார்கள். அதனால் நான் கடை திறந்த உடனேயே போய்விடுவேன். ஒண்ணேகால் கிலோவுக்கு மேல் போகாத பிராய்லர், தோலோடு, வெட்டாமல் முழுசாக. முதுகெலும்பை மட்டும் இரண்டு பக்கமும் வெட்டி எடுத்துவிட்டு, நெஞ்சை அழுத்தி விரித்துத் தரச் சொல்வேன். நாட்டுக்கோழி வேண்டாமா என்று கேட்காத ஆள் கிடையாது. வேண்டாம். நாட்டுக்கோழி குழம்புக்குப் பிறந்தது. நெருப்பில் வாட்டினால் பல்லுக்குத்தான் வேலை.

நான் சரக்குக் கப்பலில் சமையல்காரன். ஊர் கீழக்கரைக்கும் ஏர்வாடிக்கும் இடையில், கடலிலிருந்து நடந்து போகிற தூரம். லீவில் வந்தால் அடுப்படிப் பக்கமே போகக் கூடாது என்று வீட்டில் சட்டம். உம்மாவுக்கு நான் விருந்தாளி. ஆனால் மொட்டை மாடி உம்மாவின் சட்டத்துக்கு உட்பட்டதில்லை. அங்கே போடுகிற கோழியைப் பற்றித்தான் எழுத வந்தேன். பெரு நாட்டில் இதற்கு 'போயோ அ லா பிராசா' என்று பெயர். தணலில் சுட்ட கோழி, அவ்வளவுதான். கூடவே பச்சையாக ஒரு சாஸ்.

லிமா நகரத்தின் துறைமுகம் கயாவோ. கப்பல் அங்கே கட்டியிருந்தபோது கூட வேலை பார்த்த பையன்கள் சாயங்காலம் சாப்பிடக் கூட்டிப் போனார்கள். தெருவில் திரும்பியதுமே மூக்கில் ஏறியது புகை. சாயல்குடிப் பக்கம் என் மச்சான் போடுகிற கரிமூட்டத்தின் பக்கத்தில் நின்றால் என்ன வாசம் வருமோ, அதே வாசம். உலகத்தின் மறுபக்கத்தில், வேறொரு சமுத்திரத்தின் கரையில் நிற்கிறேன், மூக்கு மட்டும் ராமநாதபுரம் ஜில்லாவில் இருக்கிறது.

கடைக்குள்ளே நீளமான கம்பிகளில் வரிசை வரிசையாகக் கோழிகள் சுற்றிக்கொண்டிருந்தன. பின்னால் கரித் தணல். ஹலால் இல்லாததால் நான் கோழியைத் தொடவில்லை. உருளைக்கிழங்கு வறுவலையும் அந்தப் பச்சை சாஸையும் வைத்தே வயிற்றை நிரப்பினேன். கல்லாவில் இருந்தவரிடம் என்ன கரி என்று கைஜாடையில் கேட்டேன். 'அல்கரோபோ' என்றார். போனில் தேடிப் பார்த்தால் படத்தில் நிற்பது நம்ம கருவை! சிறு இலை, முள், மஞ்சளாக நீளப் பூ, தொங்குகிற நெற்று.

அதே மரம் இல்லை, ஒரே குடும்பம். பெருவின் வடக்கே பியூரா பக்கத்து வறண்ட காடுகளில் நிற்பது புரோசோபிஸ் பல்லிடா. நம்ம ஊரில் வயல், கண்மாய், வாய்க்கால் என்று பார்க்காமல் மண்டிக் கிடக்கிற சீமைக்கருவேலம் புரோசோபிஸ் ஜூலிஃபுளோரா. இதுவும் அமெரிக்கக் கண்டத்துச் சரக்குதான். அங்கே அந்த நெற்றைக் காய்ச்சிக் கறுப்பாகப் பாகு எடுத்துப் பாலில் கலந்து குடிக்கிறார்கள். இங்கே ஆடு தின்று விதையைப் பரப்பி வைக்கிறது. அங்கே கரிக்காகத் திருட்டுத்தனமாக வெட்டிக் காடு அழிகிறதே என்று கவலைப்படுகிறார்கள். இங்கே வேரோடு பிடுங்கச் சொல்லி 2017-ல் மதுரைக் கிளை உயர்நீதிமன்றம் உத்தரவே போட்டது. நான் மரத்துக்கு வக்காலத்து வாங்க வரவில்லை. எங்கள் பெரியவாப்பாவின் நிலம் முழுக்க அதுதான் நிற்கிறது, உள்ளே நுழைய முடியாது. ஆனால் கரி என்று வந்துவிட்டால் அதற்கு நிகர் இல்லை. கனமான கட்டை, நின்று எரியும், பொறி அதிகம் தெறிக்காது. சென்னையில் பெரிய அடுப்பும் இறக்குமதி சாமானும் வைத்து இந்தக் கோழியைச் சுடுகிறவர்களைவிட, நாலு செங்கல்லும் ஒரு மூட்டைக் கரியும் வைத்திருக்கிற நமக்கு லிமா கொஞ்சம் பக்கம் என்பது என் கட்சி.

மச்சானின் மூட்டத்தைப் பக்கத்திலிருந்து பார்த்தால் கரி பற்றிய நம் அலட்சியம் போய்விடும். கட்டைகளை நெருக்கமாக அடுக்கி, மேலே தழை பரப்பி, மண்ணைக் குழைத்துப் பூசி, ஓட்டை விட்டுத் தீ வைப்பார்கள். ராத்திரி பகல் பார்க்காமல் ஒரு ஆள் காவல். எங்காவது மண் வெடித்துக் காற்று உள்ளே போனால் கட்டை சாம்பலாகிவிடும். மச்சான் புகையைத்தான் பார்ப்பார். வெள்ளையாகப் பொதிபொதியாக வந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது. மெலிந்து நீலம் தட்டினால் ஓட்டையை அடைக்கிற நேரம். எனக்கென்று எடுத்து வைக்கிற மூட்டையில் இரண்டு துண்டை எடுத்து ஒன்றோடு ஒன்று தட்டிக் காட்டுவார். கணீரென்று கேட்க வேண்டும். மொத்தென்று கேட்டால் உள்ளே வேகாத கட்டை இருக்கிறது, அது கோழியை மூச்சுமுட்டப் புகைய வைக்கும்.

இனி கோழியின் கதை. இதை ஆரம்பித்து வைத்தவர் பெருக்காரரே இல்லை. ரோஜர் ஷூலர் என்ற சுவிஸ்காரர், 1950-ல் லிமாவுக்கு வெளியே சாந்தா கிளாராவில் வைத்திருந்த இடத்தில் ஆரம்பித்தது. நிறையக் கோழிகளை ஒரே நேரத்தில் சுற்ற வைக்கிற யந்திரத்தைச் செய்து கொடுத்தவர் இன்னொரு சுவிஸ்காரர், ஃபிரான்ஸ் உல்ரிச். அப்போது கோழியில் உப்பு மட்டும்தானாம், தின்னக் கைதான். பிறகுதான் சீரகம், மிளகாய், சோயா சாஸ் எல்லாம் சேர்ந்தது. சோயா எப்படிப் பெருவுக்குப் போனது என்றால், 1849-லிருந்து கூலி வேலைக்குக் கப்பலேறிப் போன சீனர்கள் கொண்டுபோனது. 2004-ல் அந்த நாட்டு அரசாங்கம் இந்தக் கோழியை நாட்டின் பண்பாட்டுச் சொத்து என்று அறிவித்துவிட்டது. ஜூலை மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை இதற்கென்றே ஒரு நாள்.

மசாலாவில் அவர்கள் போடுவது ஆஹி பாங்கா என்று ஒரு கருஞ்சிவப்பு மிளகாய். காரம் குறைவு, நிறம் அதிகம். நம்மிடம் குண்டு மிளகாய் இருக்கிறது. 2023-ல் புவிசார் குறியீடு வாங்கிய அதே ராமநாதபுரம் முண்டு. எட்டு மிளகாயைக் கிள்ளி, விதையைத் தட்டிவிட்டு, வெந்நீரில் ஊறப் போட வேண்டும். விதையைத் தட்டாவிட்டால் காரம் ஏறிவிடும், இந்தக் கோழி காரத்துக்கானது இல்லை. பன்னிரண்டு பல் பூண்டு, ஒரு மேசைக் கரண்டி வறுத்த சீரகம், ஒரு தேக்கரண்டி மிளகு, இரண்டு மேசைக் கரண்டி வினிகர், மூன்று மேசைக் கரண்டி சோயா சாஸ், இரண்டு மேசைக் கரண்டி எண்ணெய். பீட்சா வாங்கினால் தருவார்களே ஆரிகானோ பொட்டலம், அதில் இரண்டு. எல்லாம் சேர்த்து மைய அரைத்தால் முடிந்தது. சோயாவில் உப்பு இருப்பதால் தனி உப்பு ஒரு தேக்கரண்டி போதும். அங்கே பலர் கறுப்பு பீரும் ஊற்றுகிறார்கள். நமக்கு அது ஆகாது. ஒரு கொட்டைப்பாக்கு அளவு புளியும் துளி கருப்பட்டியும் கரைத்து ஊற்றுகிறேன், அந்தக் கறுப்பும் லேசான கசப்பினிப்பும் வந்துவிடுகிறது.

அம்மியடியில் உட்கார்ந்திருக்கிற உம்மா இந்த இடத்தில்தான் வாயைத் திறப்பார்.

"மஞ்சத்தூள் போடாமக் கோழியா? கவிச்சி அடிக்காதா வாப்பா?"

"அடிக்காதும்மா. பூண்டும் வினிகரும் இருக்குல்ல."

"இஞ்சியும் காணோம். கப்பல்ல இதத்தான் அவங்களுக்குப் போடுறியா?"

போட மாட்டேன் என்று பிடிவாதமாக நிற்க வேண்டும். இஞ்சி, மஞ்சள், கரம் மசாலா மூன்றில் எது விழுந்தாலும் அது தந்தூரிக்குத் தம்பியாகிவிடும். தோலுக்கும் சதைக்கும் நடுவில் விரலை விட்டுப் பிரித்து, மசாலாவில் பாதியை உள்ளே தடவுங்கள். வெளியே மீதி. ராத்திரி முழுக்க ஃபிரிட்ஜில், மூடாமல். மூடாமல் வைத்தால்தான் தோல் காயும், காய்ந்தால்தான் மொறுமொறுக்கும். உள்ளே இருக்கிற பாலையும் தயிரையும் மூடி வைத்துவிடுங்கள், இல்லையென்றால் காலையில் காபியில் பூண்டு மணக்கும்.

சுற்றுகிற கம்பி வீட்டில் இல்லை. வேண்டியதும் இல்லை. அங்கே கோழியைச் சுற்ற வைப்பதே எல்லாப் பக்கமும் சீராக வேகவும், உருகுகிற கொழுப்பு கோழி மேலேயே புரண்டு ஓடவும்தான். விரித்த கோழியில் அந்தப் பிரச்சினை பாதி தீர்ந்துவிடுகிறது. பாதியாக வெட்டிய எண்ணெய் டிரம், மேலே கம்பி வலை, மூடுவதற்குப் பழைய பிரியாணித் தேக்சா. சிரட்டையைப் பற்ற வைத்துக் கரியை அதன்மேல் கொட்டுங்கள். மண்ணெண்ணெய் ஊற்றாதீர்கள், அந்த நாற்றம் கோழியைவிட்டுப் போகாது. கரி முழுக்க வெள்ளைச் சாம்பல் பூத்ததும் எல்லாவற்றையும் ஒரு பக்கமாக ஒதுக்கிவிட்டு, தணல் இல்லாத பக்கத்தில் கோழியை எலும்புப் பக்கம் கீழே இருக்கும்படி வையுங்கள். தொடை தணலைப் பார்த்து இருக்கட்டும், நெஞ்சு தள்ளி இருக்கட்டும். தொடைக்குத்தான் கூட நேரம் வேண்டும், நெஞ்சு சீக்கிரம் வறண்டுவிடும். தேக்சாவைக் கவிழ்த்து, ஒரு ஓரத்தில் சின்னக் கல்லை முட்டுக் கொடுத்தால் காற்றுக்கு வழி.

காற்று என்றதும் ஒன்று. கச்சான் என்கிற மேல்காற்று வீசுகிற மாதங்களில் மொட்டை மாடியில் இதைச் செய்யாதீர்கள். தணல் சீறிக்கொண்டு எரியும், கால்மணியில் வெளியே கருகி உள்ளே பச்சையாக நிற்கும், போதாக்குறைக்கு மணல் வேறு. கொல்லையில் சுவர் மறைவு பார்த்து இறங்கிவிடுங்கள். வாடைக் காலத்தில் மழை இல்லாத சாயங்காலம் என்றால் மாடிதான் சுகம்.

முக்கால் மணியிலிருந்து ஒரு மணி நேரம் ஆகும். இடையில் திறந்து திறந்து பார்க்காதீர்கள். கப்பலில் நாங்கள் கம்பி வெப்பமானியைத் தொடையில் குத்திப் பார்ப்போம், 74 டிகிரி காட்ட வேண்டும். வீட்டில் அது இல்லையென்றால் தொடை மூட்டில் குத்துங்கள், வருகிற நீரில் சிவப்பு இருக்கக் கூடாது. கடைசியாகத் தோல் பக்கத்தைத் தணலுக்கு நேர் மேலே மூன்று நிமிஷம். அப்போது மட்டும் இடத்தைவிட்டு நகராதீர்கள், கொழுப்பு சொட்டிக் குப்பென்று பிடிக்கும். கொழுப்புக் கரியில் விழுந்து எழும்புகிற அந்தப் புகைதான் கயாவோ தெருவில் எனக்கு வந்தது. எடுத்துப் பத்து நிமிஷம் ஆற வைத்த பிறகு வெட்டுங்கள்.

சாஸ் விஷயத்தில் நான் கொஞ்சம் விட்டுக்கொடுத்துத்தான் ஆக வேண்டியிருக்கிறது. அங்கே இதன் உயிர் வாக்கதாய் என்கிற இலை. நம்ம கேந்திப்பூவின் சொந்தம், புதினாவும் கேந்தி இலையும் சேர்த்துக் கசக்கினது மாதிரி ஒரு மணம். அதற்காகப் பூக்கடையில் விற்கிற கேந்தியின் இலையைப் பறித்துப் போட்டுவிடாதீர்கள், அதில் என்னென்ன மருந்து அடித்திருப்பார்களோ. மல்லித்தழை ஒரு கட்டு, புதினா ஒரு கைப்பிடி என்பதே என் கணக்கு. ஆஹி அமரீயோ என்ற அவர்களுடைய மஞ்சள் மிளகாயும் இங்கே கிடையாது. நாலு பச்சை மிளகாயைத் தணலில் தோல் கொப்புளிக்கச் சுட்டு, இரண்டின் விதையை எடுத்துவிட்டுப் போடுகிறேன்.

வரிசை முக்கியம். முதலில் ஒரு முட்டை, இரண்டு பல் பூண்டு, ஒரு எலுமிச்சம்பழச் சாறு, உப்பு போட்டு மிக்சியை ஓடவிட்டு, அரை கப் சூரியகாந்தி எண்ணெயை நூல் மாதிரி ஊற்றிக் கெட்டியாக்குங்கள். நல்லெண்ணெய் வேண்டாம், மற்ற எல்லாவற்றையும் அது அமுக்கிவிடும். வீட்டில் சின்னப் பிள்ளைகளோ வயதானவர்களோ இருந்தால் பச்சை முட்டைக்குப் பதில் அவித்த முட்டையின் மஞ்சள் கரு இரண்டு போதும், சாஸ் கொஞ்சம் தளர்வாக வரும், அவ்வளவுதான். அதன் பிறகு இலை, மிளகாய், ஐம்பது கிராம் பன்னீர், இரண்டு ஐஸ் கட்டி. மிக்சி சூடாகி இலை கறுத்துப்போகாமல் இருக்கத்தான் ஐஸ். விட்டு விட்டு அடியுங்கள்.

உருளைக்கிழங்கு பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. விரல் தடிமனுக்கு வெட்டி இரண்டு தடவை பொரியுங்கள். கிழங்கே ஆண்டிஸ் மலையிலிருந்து வந்ததுதான், அந்த மண்ணுக்கு மரியாதையாகக் கடைப் பாக்கெட்டை மட்டும் வாங்காதீர்கள்.

பக்கத்து வீட்டிலிருந்து வந்த லாத்தா சாஸைத் தொட்டு நாக்கில் வைத்துவிட்டு, "தேங்கா கம்மியா இருக்கு தம்பி" என்றார். தேங்காயே இல்லை லாத்தா என்றேன். "அதான் சொல்றேன்" என்றார். கோழியைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை, இரண்டு காலும் அவர் தட்டில்தான் இருந்தன. உம்மா நெஞ்சுக்கறியைப் பிய்த்து மோந்து பார்த்துவிட்டு, கவிச்சி இல்லை என்பதை ஒத்துக்கொள்ளாமலேயே சாப்பிட்டார்.

சாஸ் எப்போதும் மிஞ்சும். மறுநாள் மத்தியானம் பொரித்த நகரை மீனோ விளமீனோ இருந்தால் அதற்குத் தொட்டுக்கொள்ளுங்கள், கோழியைவிட நன்றாகவே சேரும். அவித்த கரு போட்டது என்றால் ஃபிரிட்ஜில் இரண்டு நாள் தாங்கும். பச்சை முட்டை போட்டதை மறுநாள் மத்தியானத்துக்கு மேல் வைக்காதீர்கள், எவ்வளவு மிஞ்சியிருந்தாலும் கொட்டிவிடுங்கள்.