சீல் உடைஞ்சிருக்கு, சரக்கு இல்லை

ஒருகொடவத்தைச் சுங்க யார்டில் கொள்கலன் திறக்கக் காத்திருப்பதே ஒரு தனி உத்தியோகம். கஸ்டெக் என்ற சுங்கப் படிவம் போட்டு, வரி கட்டி, சரக்கை எடுக்க விடும் டி.ஓ. கடதாசியையும் கையில் வைத்துக்கொண்டு காலை எட்டு மணிக்கே போய் நின்றாலும், அதிகாரி வரப் பதினொன்றாகலாம், இரண்டாகலாம். அதுவரை வெயில், லொறிப் புகை, பிளேன்டீ, கதை. கொழும்பில் பதினெட்டு வருடம், துறைமுகத்தில் சரக்கு விடுவிக்கும் வாஃப் கிளார்க்காக இருந்தேன். என் கிறிஸ்தவ விசுவாசத்தைப் பற்றி வெளியாட்களிடம் கதைத்ததில் பாதிக்கு மேல் அந்த யார்டில்தான்.

எதிர்க்கட்சி எப்போதும் அண்ணைதான். வேறொரு கிளியரிங் கம்பனிக்காரர், பருத்தித்துறைப் பக்கம், என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர். கோவூரின் எழுத்தைப் படித்துக் கடவுளைக் கைவிட்டவர் என்று சொல்லிக்கொள்வார். ஆபிரகாம் கோவூரை இப்போதுள்ள பிள்ளைகளுக்கு அவ்வளவாகத் தெரியாது. கேரளத்தில் பிறந்து, இங்கே தாவரவியல் படிப்பித்து, 1978இல் கொழும்பில் இறக்கும்வரை சாமியார்களையும் பேய்க்கதைகளையும் துரத்தித் திரிந்த மனிதர். அற்புதத்தை நிரூபித்துக் காட்டுபவருக்கு 1 லட்சம் ரூபாய் என்று சவால் விட்டவர். "அவற்ற தகப்பன் ஆர் தெரியுமோ? உங்கட ஆக்கள்தான். மார்த்தோமா சபைப் பாதிரி," என்று அண்ணை முதல் நாளே என்னிடம் சொல்லிவைத்தார்.

நான் அப்போது நல்ல சூட்டில் இருந்த காலம். சபையில் சனிக்கிழமைகளில் விசுவாசத்துக்கு நியாயம் சொல்லப் பழக்கும் வகுப்பு ஒன்று நடந்தது. 1 பேதுரு 3:15தான் அதற்கு அத்திவாரம்: "உங்களிலிருக்கிற நம்பிக்கையைக்குறித்து உங்களிடத்தில் விசாரித்துக் கேட்கிற யாவருக்கும் சாந்தத்தோடும் வணக்கத்தோடும் உத்தரவு சொல்ல எப்பொழுதும் ஆயத்தமாயிருங்கள்." எனக்கு அதில் கடைசிச் சொல்தான் பிடித்தது. சோதனைக்குப் படிப்பதுபோலப் படித்து ஆயத்தமானேன். கிறிஸ்தவர்கள்மேல் ஒரு துளி அன்பும் இல்லாத ரோம சரித்திரக்காரர் டாசிட்டஸ், பிலாத்துவின் காலத்தில் இயேசுவுக்கு நடந்த மரண தண்டனையை எழுதியிருப்பது, பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் கடிதம் சிலுவைக்குப் பிறகு ஏறக்குறைய இருபத்தைந்து வருடத்திலேயே வந்துவிட்டது, எல்லாம் நுனிநாக்கில்.

ஒருநாள் நாற்பதடிக் கொள்கலன் ஒன்று. அதிகாரி சீல் நம்பரைக் கடதாசியோடு வைத்து, ஒவ்வொரு இலக்கமாக வாய்க்குள் சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் வெட்டச் சொன்னார். பையன் நீளப்பிடிக் கத்தரியை இரண்டு கையாலும் அழுத்த, சீல் டக்கென்று தெறித்துத் தரையில் விழுந்தது. அண்ணை அதைக் குனிந்து எடுத்து உருட்டிப் பார்த்தார்.

"தம்பி, உங்கட இயேசுவின்ர கல்லறைக்கும் சீல் வைச்சதெல்லோ?"

"ஓம் அண்ணை. மத்தேயுவில இருக்கு. காவலும் போட்டாங்க."

"மூண்டாம் நாள் போய்ப் பாத்தால் சீல் உடைஞ்சிருக்கு, சரக்கு இல்லை. இந்தக் கஸ்டம்ஸ்காரன் ரிப்போட்டில என்ன எழுதுவான்? உயிர்த்தெழுந்திட்டுது எண்டோ? களவு எண்டுதானே?"

லொறி ட்றைவர்மார் சிரித்தார்கள். நான் விடவில்லை. சீஷர்கள் இரவில் வந்து களவாய்க் கொண்டுபோனார்கள் என்ற பேச்சு அன்றைக்கே கிளம்பியதை மத்தேயுவே ஒளிக்காமல் எழுதியிருக்கிறார் என்றேன். "சரக்குத் திருடுறவன் பாக்கிங்கைக் கழட்டிச் சுருட்டி ஒரு பக்கமா வச்சிட்டா போவான்? தலையில சுத்தின சீலை தனியாச் சுருட்டி வச்சிருந்ததா யோவான் சொல்றாரே."

அண்ணை கொஞ்சம் யோசித்தார். "அதை எழுதினதும் உங்கட ஆள்தானே."

அதற்கும் என்னிடம் பதில் இருந்தது. கதை கட்டுகிறவன் முதல் சாட்சியாகப் பெண்களைப் போட்டிருப்பானா? பெண்ணின் சாட்சிக்குப் பெரிய மதிப்பில்லாத காலம் அது. அவர்கள் வந்து சொன்னது சீஷர்களுக்கே வீண்பேச்சாகத் தோன்றியது என்று லூக்கா எழுதுகிறார். (எல்லா வாதங்களிலும் எனக்கு இன்றைக்கும் உறுதியாகப் படுவது இதுதான்.) ட்றைவர்மார் இப்போது என் பக்கம் பார்த்தார்கள். எனக்கு உள்ளுக்குள் சந்தோசம்.

"சரி, கல்லறையில தூதன் ஒருத்தனோ, ரெண்டு பேரோ?"

மத்தேயுவில் ஒருவர், லூக்காவில் இருவர். சொன்னேன்.

"கப்பல் கடதாசி பி.எல்.லில ஒரு எழுத்துப் பிழைச்சாலே, திருத்தி அமெண்ட்மென்ட் போட்டுக்கொண்டு வா எண்டு எங்களைத் திருப்பி அனுப்புறாங்கள். இதுக்கு ஆர் அமெண்ட்மென்ட் போட்டது?"

ஒரு விபத்தைப் பார்த்த நாலு பேர் அச்சடித்ததுபோல ஒரே வாக்குமூலம் கொடுத்தால்தான் பொலிஸுக்குச் சந்தேகம் வரும் என்றேன். "அப்ப கடவுளின்ர கடிதம் ட்றைவர்மாற்ற ஸ்டேட்மென்ட் தரந்தானோ?" என்றார். யார்டே சிரித்தது. அது நான் நினைத்ததைவிடப் பெரிய கேள்வி என்று வீடு வந்த பிறகுதான் உறைத்தது.

என் வீடு கொட்டாஞ்சேனை. பஸ்ஸுக்குப் போகும் வழியில் தீபதுத்தாராமய விகாரை. 1873 ஆகஸ்ட் 26, 28ஆம் திகதிகளில் பாணந்துறையில் நடந்த பெரிய வாதத்தில் கிறிஸ்தவர்களை எதிர்த்து நின்ற மிகெட்டுவத்தே குணானந்த தேரரின் விகாரை அது. எங்கள் பக்கம் பேசிய டேவிட் டி சில்வா போதகர் பாளி மேற்கோள்களாக அடுக்கினாராம். தேரர் கூட்டத்துக்கு விளங்கும் பேச்சில் பேசினாராம். வாதத்தின் அறிக்கையைப் படித்துத்தான் அமெரிக்கரான ஒல்கொட் 1880இல் இலங்கைக்கு வந்தார், பௌத்தப் பாடசாலைகள் எழும்பின. அந்த மதிலைக் கடக்கும்போதெல்லாம் என் டாசிட்டஸ் ஞாபகம் வந்து கொஞ்சம் வெட்கமாக இருக்கும்.

அப்புறம் 2019 ஏப்ரல் 21. கொச்சிக்கடை அந்தோனியார் கோவில் எங்கள் வீட்டிலிருந்து நடக்கும் தூரம். அன்றைய குண்டுகளில் 250க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அலுவலகம் திறந்த பிறகு, டொகியுமென்டேஷனில் வேலை செய்த கத்தோலிக்கத் தங்கச்சி ஒருத்தி தேநீர் அறையில் என்னிடம் கேட்டாள். அவளுடைய பெரியம்மா மகள் அந்தக் கோவிலில் இறந்திருந்தாள்.

"அண்ணா, கடவுள் ஏன் விட்டாரு?"

நான் ஆயத்தமாக இருந்தேன். சுயாதீனம் இல்லாமல் அன்பு இல்லை, சுயாதீனம் இருந்தால் அதைத் தீமைக்குப் பயன்படுத்தவும் வழி இருக்கும், அதைத் தடுத்துக்கொண்டே இருந்தால் மனிதன் பொம்மை... கேத்தல் கொதித்துத் தானே நின்றும் நான் நிற்கவில்லை. அவள் கோப்பையைக் கழுவி, துடைத்து, கவிழ்த்து வைத்தாள். "நல்லா விளங்கப்படுத்துறீங்க அண்ணா," என்றாள். பிறகு ஒருநாளும் என்னிடம் எதுவும் கேட்கவில்லை.

சொன்ன நியாயத்தில் பிழை இருந்ததாக நான் இப்போதும் நினைக்கவில்லை. ஆனால் சீலோவாம் கோபுரம் விழுந்து பதினெட்டுப் பேர் செத்ததைப் பற்றி இயேசு பேசிய இடத்தைத் திரும்ப வாசித்தேன். செத்தவர்கள் மற்றவர்களைவிடப் பாவிகள் இல்லை என்கிறார். கோபுரம் ஏன் விழுந்தது என்று அவர் விளக்கவே இல்லை. வேதத்தில், எல்லாவற்றையும் இழந்த யோபுவின் சிநேகிதர்கள் ஏழு நாள் பேசாமல் தரையில் இருந்தவரைக்கும் சரியாகத்தான் இருந்தார்கள்.

அந்த வருடக் கடைசியில் யார்டில் ஒரு மழை நாள். லொறிக்கு அடியில் ஒதுங்கி நின்றோம். பத்து வருடத்துக்கு மேல் பழகியும் கேட்காத ஒன்றை அன்றைக்குத்தான் அண்ணையிடம் கேட்டேன்: கோவூரைப் படிக்கும்முன் நீங்கள் எப்படி?

வெகுநேரம் பேசாமல் இருந்தார். தனக்குப் பதினாலு வயதில் தங்கச்சிக்குக் காய்ச்சல் வந்தது என்றார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகாமல் நூல் கட்டி, நேர்த்தி வைத்து, ஐந்து நாள் வீட்டிலேயே வைத்திருந்தார்களாம். "கோவூர் எல்லாம் பிறகு வந்ததுதான், தம்பி."

நான் ஒன்றும் சொல்லவில்லை. மழை விட்டதும் அதிகாரி வந்தார், அண்ணையின் கொள்கலனை முதலில் திறந்தார்கள்.

அண்ணை ஓய்வு பெற்று ஊருக்குப் போய்விட்டார். போன மாதம் ஒரு ஞாயிறு, ஆராதனை முடிந்து வீட்டுக்கு வரும் நேரம் பார்த்து அழைத்தார். சுகம் விசாரித்து, மூட்டுவலி சொல்லி, பேரப்பிள்ளையின் கதை சொல்லி, வைக்கப்போகும் நேரத்தில்:

"தம்பி, அந்தத் தூதன் கணக்கு... இன்னும் அமெண்ட்மென்ட் வரேல்லையோ?"

"இல்லை அண்ணை. பெண்டிங்தான்."

"பிந்தப் பிந்த டெமரேஜ் காசு ஏறப்போகுது, பாத்துக்கொள்," என்று சிரித்துவிட்டு வைத்தார்.