மிதவைப் பாசி: கரையில் நடக்கும் வேலை

மண்டபம், பாம்பன், தங்கச்சிமடம் பக்கத்துப் பெண்களுக்கு வீட்டை விட்டு வெகுதூரம் போகாமல் கிடைக்கிற வேலைகள் சிலதான்: கருவாடு, நண்டு கம்பெனி, கடற்பாசி. நண்டு கம்பெனியில் அவித்த நண்டின் ஓட்டை உடைத்து, சதையை வகை பிரித்துக் கொடுக்க வேண்டும். பெரும்பாலும் சதையின் எடைக்குத்தான் கூலி. ஓடு விரலைக் கீறும், கை ஈரத்திலேயே ஊறிக் கிடக்கும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். அப்போது வரத்து குறைந்தால் கூலியும் குறையும்.

மிதவையில் பாசி வளர்ப்பது வேறு மாதிரி. இதில் பெண்கள் கயிற்றில் பாசி கட்டிக் கொடுக்கிற கூலிக்கும் போகலாம், சொந்தமாகவும் செய்யலாம். எந்தப் பக்கம் நிற்கிறோம் என்பது விதை, அதாவது நடுவதற்கு வெட்டி எடுக்கும் பாசித் துண்டு, யார் கையில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. விதையைக் காப்பது கடலுக்குள் இறங்குகிற வேலையைவிடக் கரையில் உட்கார்ந்து செய்கிற வேலையில்தான் அதிகம் இருக்கிறது.

வளர்ப்பது கப்பாபைகஸ் என்னும் பாசி. இதிலிருந்து உணவைக் கெட்டியாக்கப் பயன்படும் கராஜீனன் என்ற பொருளை எடுக்கிறார்கள். மிதவை 12 அடிக்கு 12 அடி மூங்கில் சட்டம். நான்கு மூலைக்கும் குறுக்கு மூங்கில் கொடுக்காவிட்டால் முதல் பெரிய அலையிலேயே சட்டம் கோணிவிடும். குறுக்கே 20 கயிறுகள், ஒவ்வொரு கயிற்றிலும் 20 முடிச்சு, முடிச்சுக்கு 150 கிராம் விதை. ஆக, ஒரு மிதவைக்கு 60 கிலோ. அடியில் வலை கட்டியே ஆக வேண்டும். இல்லையென்றால் ஓரா மீன் கூட்டமாக வந்து இளந்தளிரை மேய்ந்துவிடும். பத்து மிதவைகளைச் சேர்த்துக் கட்டி நங்கூரம் போடுவது வழக்கம்.

விதை கட்டுவதில்தான் அனுபவம் தெரியும். முற்றிய அடித்தண்டு மெதுவாகத்தான் வளரும். நுனிக்கிளைகளை, கறையில்லாமல் விறைப்பாக இருப்பவற்றை, எடுக்க வேண்டும். முடிச்சை இறுக்கினால் கயிறு தண்டை அறுக்கும். இளக்கமாக விட்டால் அலையில் உருவிக்கொண்டு போகும். பாசி தன் எடையில் தொங்கினாலும் நழுவாத இறுக்கம் போதும். வெட்டிய விதை வெயில் பட்டால் கெட்டுவிடும். ஆகவே கட்டுகிற இடத்தில் நிழல் வேண்டும், ஈரச் சாக்கு வேண்டும், கட்டி முடித்த மிதவை அன்றைக்கே தண்ணீரில் இறங்க வேண்டும். எண்ணிக்கைக் கூலிக்கு அவசரமாகக் கட்டினால் முடிச்சு கெடும். அந்த நஷ்டம் 45 நாள் கழித்துத்தான் கண்ணுக்குத் தெரியும்.

இறக்கிய பிறகு மிதவையை அடிக்கடி உலுக்கிச் சேற்றைக் கழுவ வேண்டும், மேலே படர்கிற நூல்பாசியைக் கையால் பிடுங்க வேண்டும். கோடையில் தண்ணீர் சூடேறினால் கிளை வெளுத்து, நொறுங்கி விழும். வெளுத்ததை உடனே நீக்காவிட்டால் மிச்சமும் போகும். மழைத்தண்ணீர் கலந்து உப்பு குறைந்தாலும் இதே கதிதான்.

பருவம் நன்றாக இருந்தால் 45 நாளில் 60 கிலோ சுமார் 260 கிலோ ஆகும். அதில் 60 கிலோவை மறுபடி விதைக்கு ஒதுக்கினால் 200 கிலோ மிஞ்சும். பத்துக்கு ஒன்று என்று காயும். கையில் நிற்பது 20 கிலோ உலர்ந்த பாசி. ஒரு சுற்றுக்கு 45 நாள் என்பதால்தான் ஒருவருக்கு 45 மிதவை என்ற கணக்கு: நாளுக்கு ஒன்றை அறுத்து, அன்றே அதில் மறுபடி நட்டுவிடலாம். அறுவடை நல்ல விலைக்குப் போகிற நேரத்தில் விதையையும் சேர்த்து விற்றுவிடத் தோன்றும். விற்கவே கூடாது. அடுத்த நடவுக்கு வாங்குகிறவரிடமே விதையைக் கடன் கேட்டால், பிறகு விலையும் அவர் சொல்வதுதான்.

வாடைக்காற்றுதான் இதில் பெரிய சோதனை. கச்சான் என்னும் தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் பாக் விரிகுடாப் பக்கம் தரை மறைப்பதால் கடல் அடங்கியிருக்கும். வடகிழக்குப் பருவத்தில் காற்று நேரே கரைக்கு வரும், மிதவை உடையும். அதற்கு முன்பே பெரும்பகுதியை அறுத்து, அலை குறைந்த இடத்தில் விதைக்கென்று சில மிதவைகளையாவது இரட்டைக் கயிறு போட்டு நிறுத்த வேண்டும்.

காயவைப்பதிலும் பணம் போகிறது. வெறும் மணலில் பரப்பினால் மணல் ஒட்டும், எடை போடும்போது கழிவு பிடிப்பார்கள். வலையோ தார்ப்பாயோ விரித்து, இரண்டு மூன்று நாள் திருப்பிப் போட வேண்டும். பாதி காய்ந்ததில் மழை விழுந்தால் நிறம் வெளுத்துச் சத்தும் வடிந்துவிடும். மேகம் கருத்ததும் குவித்து மூட ஆள் வேண்டும். வாங்குகிறவரிடம் கொடுக்கும் முன் பெண்கள் குழுவே எடை போட்டு எழுதி வைப்பதும் கட்டாயம்.

2020இல் தொடங்கிய பிரதமரின் மத்ஸ்ய சம்பதா திட்டத்தில் ஒரு மிதவைக்கு ₹1,500 என்று கணக்கிட்டு, பெண்களுக்கு 60 சதவீதம் மானியம் தருகிறார்கள். மூங்கிலுக்கும் கயிறுக்கும் அது உதவும். ஆனால் விடிகாலை முதல் மதியம்வரை கரையில் உட்காருகிற பெண்களுக்குக் கழிப்பறை இல்லாத இடங்கள் உண்டு. ஒதுங்க இடமில்லை என்று தண்ணீர் குடிக்காமலேயே வேலை செய்கிறார்கள். நீர்க்கடுப்பு அதில் வருகிறது. உப்புத்தண்ணீரில் நனைந்த துணியோடு மணிக்கணக்கில் இருப்பதால் தோல் புண்ணாகிறது. குழுவாகச் சேர்ந்து மிதவைக்கு விண்ணப்பிக்கும்போதே நிழல்கொட்டகை, நல்ல தண்ணீர், கழிப்பறை மூன்றையும் ஊராட்சியிடம் எழுத்தில் கேட்க வேண்டும். கொட்டகை நிழல் விதைக்கும் தேவை என்பதையும் அந்த மனுவிலேயே சேர்த்து எழுதலாம்.