ஸ்டுடியோவிலிருந்து குன்று உச்சிக்கு

எஃப்.எம். கேட்பவர்கள் பலரும் அறிவிப்பாளர் பேசும் கட்டடத்தின் தலையிலேயே டவர் இருக்கும் என்று நினைக்கிறார்கள். பெரும்பாலும் அப்படி இருக்காது. ஸ்டுடியோ ஊருக்குள், அலைகளைக் காற்றில் அனுப்பும் டிரான்ஸ்மிட்டர் எங்கோ குன்றின் மேல், ஆளில்லாத அறையில். நடுவே குரலைக் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் பெரும்பாடு.

பழைய வழி மைக்ரோவேவ் லிங்க், அதாவது ஒரு டிஷ்ஷிலிருந்து இன்னொரு டிஷ்ஷுக்கு ரேடியோ அலையில் ஒலியை அனுப்புவது. இரண்டு டிஷ்களும் ஒன்றையொன்று நேராகப் பார்க்க வேண்டும். குறுக்கே புதிதாக ஒரு அடுக்குமாடி முளைத்தால் போச்சு! பல ஊர்களுக்கு ஒரே நிகழ்ச்சி என்றால் செயற்கைக்கோள். சுமார் 36,000 கி.மீ. மேலே போய்த் திரும்பவே கால் நொடி ஆகிவிடும். ரேடியோவில் வருவதைக் காதில் கேட்டுக்கொண்டே பேசினால் தன் குரலே தாமதமாக வந்து நாக்கைக் குழற வைக்கும். நான் ஒருமுறை விளையாட்டாக முயன்று மூன்றாவது வார்த்தையிலேயே திக்கிவிட்டேன்.

இப்போது நிறைய இடங்களில் இணையம்தான். கோடெக் என்ற பெட்டி ஒலியைப் பாக்கெட்டுகள் எனும் சிறு தரவுத் துண்டுகளாக்கி அனுப்பும். பாக்கெட் தொலைந்தால் சமாளிக்க, அதே ஒலியை இரண்டு இணைப்புகளில் அனுப்புவதும் உண்டு. இரண்டும் அறுந்தால்? டிரான்ஸ்மிட்டர் அறையில் ஒரு கருவி காது கொடுத்துக்கொண்டே இருக்கும். சில நொடி சத்தமில்லை என்றால் அங்கேயே சேமித்து வைத்த பாட்டைப் போட்டுவிடும். பேச்சு பாதியில் நின்று சம்பந்தமில்லாமல் பாட்டு ஓடினால், சரி, லிங்க் போயிடுச்சு என்று சிரித்துக்கொள்வேன்.