ஆறரை மணி டீ

ஜூன் 12, 2024
பல் தேய்ப்பதற்கே இன்று பத்தரை ஆகிவிட்டது. சோம்பல் என்கிறாள் அம்மா. சோம்பேறிக்குப் படுத்திருப்பதில் ஒரு சுகமாவது இருக்கும். நான் அதிகாலை மூன்று மணிக்கு விழித்து, விடியும்வரை விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். கடையில் ஒரே பில்லை நான்கு முறை கூட்டினேன், நான்கு விடை.

ஜூன் 15
அக்கா வந்தாள். சுற்றி வளைக்கவில்லை. “செத்துவிடலாம் என்று தோன்றுகிறதா?” என்று நேராகக் கேட்டாள். அம்மா பதறிப்போய், “அபசகுனமாகப் பேசாதே” என்றாள். கேட்பதால் யாருக்கும் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. எனக்கு அது முன்பே இருந்தது. சொல்ல ஆள்தான் இல்லை. சொன்னேன். அவள் அழவில்லை, திட்டவில்லை. போகும்போது 14416 என்ற எண்ணை என் போனில் பதிந்தாள். டெலி மானஸ், அரசின் மனநல உதவி எண். இலவசம், எந்நேரமும் தமிழில் பேசலாம். மருத்துவரிடம் போகும் நாளையும் அவளே குறித்துவிட்டாள்.

ஜூன் 19
தைராய்டுக்கு ரத்தம் எடுத்தார்கள். அது குறைந்தாலும் இப்படி இருக்குமாம். எஸ்சிடலோபிராம் என்று ஒரு மாத்திரை, இரவில் ஒன்று. “பலன் தெரிய இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும், சிலருக்கு இன்னும் கூடும். குமட்டல் முதலில் வரும். நீங்களாக நிறுத்தாதீர்கள்” என்றார் மருத்துவர். நோயின் பெயர் மனச்சோர்வு. வீட்டில் மன அழுத்தம் என்று சொல்லித் தொலைத்தேன். உடனே சித்தப்பா, “அழுத்தம் யாருக்குத்தான் இல்லை?” என்று தன் கடன் கதையை ஆரம்பித்துவிட்டார்.

ஜூன் 23
குமட்டல். விசாரிக்க வந்தவர்கள் ஏழு பேர். நடைப்பயிற்சி, யோகா, “உனக்கென்ன குறை, தங்கமான பிள்ளைகள்.” இந்தக் கடைசி வாக்கியம்தான் ஆளைக் கொல்கிறது. குறை இல்லை என்று எனக்கும் தெரியும். அப்படியிருந்தும் இப்படிக் கிடக்கிறேனே என்பதுதானே வெட்கம்.

மனநலம் வேண்டிப் போகிற குணசீலம் பெருமாள் கோயிலில் என்னை 48 நாள் தங்கவைக்க வேண்டும் என்று அம்மாவுக்கு ஆசை. மருத்துவர் சிரிப்பார் என்று நினைத்தேன். “போய் வாருங்கள், மாத்திரையையும் எடுத்துச் செல்லுங்கள்” என்றாராம். ஒரு நாள் மட்டும் போய் முகத்தில் தீர்த்தம் வாங்கிக்கொண்டு வந்தோம். அம்மா அன்று நிம்மதியாகத் தூங்கினாள். அதுவும் வேண்டியதுதான்.

ஜூலை 2
“என்ன உதவி வேண்டுமானாலும் தயங்காமல் கேள்” என்கிறார்கள். நல்ல மனதுதான். ஆனால் என்ன வேண்டும் என்று யோசித்து, வார்த்தை தேடி, போன் எடுத்துக் கேட்கிற தெம்பு இருந்தால் நான் ஏன் படுத்துக் கிடக்கிறேன்?

அக்கா வீட்டு மாமா எதுவும் கேட்பதில்லை. காலை ஆறரைக்கு ஸ்கூட்டரில் வந்து, “சட்டையைப் போடு, டீ குடித்துவிட்டு வருவோம்” என்கிறார். முதல் நாள் வரவில்லை என்றேன். “சரி, நாளை வருகிறேன்.” மறுநாளும் மறுத்தேன். நான்காம் நாள் போனேன். டீக்கடையில் வெங்காய விலை பேசினார். என் நோயைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

ஜூலை 14
மின் கட்டணத்தை மாமா கட்டியிருக்கிறார். பிள்ளைகளின் நோட்டுக்கு அக்கா அட்டை போட்டாள். என் மனைவியை இரண்டு நாள் தன் வீட்டுக்கு அழைத்துப்போய்த் தூங்கவைத்தாள். நோயாளியை எல்லோரும் பார்க்கிறார்கள், பக்கத்தில் விழித்துக் கிடப்பவளை அக்காவைத் தவிர யாரும் பார்க்கவில்லை, நான் உள்பட.

ஆகஸ்ட் 3
ஆடிப்பெருக்கு. எலுமிச்சைச் சாதம் புளித்தது, நன்றாகவே புளித்தது. பல வாரங்களாக நாக்கில் ஒன்றும் உறைக்கவில்லை. இனி மாத்திரை எதற்கு என்று கேட்டேன். தேறிய பிறகும் ஆறு மாதமாவது தொடர வேண்டுமாம்.

ஆகஸ்ட் 9
மறுபடி விழுந்தேன். மூன்று மணி, விட்டம். ஸ்கூட்டர் சத்தம் கேட்டும் எழவில்லை. மாமா உள்ளே வரவில்லை. திண்ணையில் உட்கார்ந்து பேப்பர் படித்துவிட்டுப் போனார். எட்டு மணிக்கு வெளியே வந்தேன். பேப்பர் அங்கேயே கிடந்தது. குறுக்கெழுத்தில் நான்கைந்து கட்டம் நிரப்பியிருந்தார், இரண்டு தப்பு. மேலிருந்து கீழ் ஏழு எனக்குத் தெரிந்தது. பேனாதான் அகப்படவில்லை.